கச்சான் தோட்டத்தில் கட்டிய கசெட்டுகள்

என் இருபத்தைந்து வருட உழைப்பின் மேல் ஒரு மயில் ஏறி நடந்து போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

காலை பத்து மணி இருக்கும். ஆலங்குடாப் பக்கம் என் மச்சான் ஹில்மியின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஹில்மி என் மனைவி ஜெஸீமாவின் தம்பி. என்னிடம் இரவல் வாங்கிப் போன டிரில் மெஷினை மூன்று மாதமாகத் திருப்பித் தரவில்லை. எனக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து, கொழும்பில் மகள் வீட்டில் ஒன்றரை மாதம் கிடந்துவிட்டு ஊர் திரும்பிய முதல் கிழமை அது. கைத்தடியோடு மணலில் நடப்பது என்ன பாடு என்று நடந்தவருக்குத்தான் தெரியும்.

ஹில்மி புதிதாகக் கச்சான் போட்டிருந்தான். கச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் நிலக்கடலை. விதைத்த நாளிலிருந்து முளை தலை நீட்டும்வரை காகமும் மயிலும் மண்ணைக் கிளறி விதையைத் தின்று தீர்த்துவிடும். அதற்கு எங்கள் விவசாயிகளிடம் ஒரு வைத்தியம் இருக்கிறது. பழைய கசெட்டுக்குள் இருக்கும் நாடாவை உருவி, தடிக்குத் தடி இழுத்துக் கட்டுவார்கள். வெயிலில் மினுங்கும், காற்றில் ரீங்காரம் போடும். பறவைகள் பயந்து ஓடும் என்பது நம்பிக்கை.

அன்று தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. தோட்டம் முழுக்க மண்ணிற நாடா. நான் வேலியோரம் நின்று காதைக் கொடுத்தேன். தொழில் புத்தி விடாதே! இறுக்கிக் கட்டிய நாடா ஒன்று தடித்த குரலில் இழுத்தது. தளர்வாகக் கட்டியது படபடத்தது. இரண்டும் சேர்ந்து கேட்க நன்றாகத்தான் இருந்தது. பரவாயில்லையே இவன் என்று மனதுக்குள் மெச்சினேன். அல்லாஹ்வே, மெச்சினேன்!

பிறகுதான் ஒரு தடியின் அடியில் கிடந்த கசெட் கூட்டைக் கண்டேன். குனிய ஏலாது. கைத்தடியால் புரட்டினேன். அதில் ஒட்டியிருந்த தாளில் என் கையெழுத்து. "களப்புக் கரை. வாடை. இரண்டாம் கம்பி."

நாலு எட்டு தள்ளி இன்னொரு கூடு. "வாடை 4 – நல்லது." அதுவும் என் கையெழுத்து. அதற்கு அப்பால் இன்னொன்று.

மயில் வந்தது அப்போதுதான். வேலிப் பக்கமாக ஆறுதலாக நடந்து வந்தது. தொய்ந்து நிலத்தில் கிடந்த நாடாவை மிதித்தது, நின்று என்னைப் பார்த்தது, பிறகு மண்ணைக் கிளறத் தொடங்கியது. அதற்குப் பயமும் இல்லை, ஒன்றும் இல்லை.

அப்படி என்னதான் வேலை?

மதுரங்குளியிலிருந்து ஒரு வாசகி இந்தப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். எட்டுக் கிழமையாக இந்தத் தொடரை வாசிக்கிறாராம், நான் செய்யும் தொழில் என்னவென்று இன்னும் விளங்கவில்லையாம். அவரில் பிழை இல்லை. என்னோடு குடும்பம் நடத்துபவளுக்கே விளங்கவில்லை.

சுருக்கமாகச் சொல்கிறேன். காற்றில் தானாகச் சத்தம் எழுப்பும் கருவிகளைச் செய்து, கடற்கரையிலும் களப்பு எனும் காயல் கரையிலும் நட்டு, அந்தச் சத்தத்தைப் பதிவு செய்பவன் நான். வெளிநாட்டில் இதற்கு ஒலிக்கலைஞர் என்று பெயர். ஊரில் கம்பி நானா, அதாவது கம்பி அண்ணன்.

தொடக்கம் புத்தளம் நகரத்தில் ஒரு மைக் செட் கடை. கல்யாணத்துக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவோம். பெட்டியில் வரும் இரைச்சலை இல்லாமல் செய்வது என் பொறுப்பு. வயரை மாற்றி, மண்ணில் கம்பி இறக்கி, எப்படியாவது அந்த "ம்ம்ம்" சத்தத்தை அடக்க வேண்டும். நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கடைசியில் மேடையில் பேசியவர்களின் பேச்சைவிட அந்த "ம்ம்ம்" எனக்குப் பிடித்துப் போய்விட்டது. ஒரு நாள் ஒலிபெருக்கிக் கூண்டுக்குள் தலையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். முதலாளி கண்டுவிட்டார். "உனக்கென்ன விசரா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு கனபேர் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள்.

முதல் கருவிக்கு வேண்டியிருந்தது ஒரு மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பி, உடைந்த ஃபைபர் வள்ளத்தின் முன்பாதி, இரண்டு தென்னங்குற்றி. குற்றிக்குக் குற்றி கம்பியை முறுக்கி இழுத்து, வள்ளத்தின் மேல் அழுத்திப் பிடிக்கச் செய்தேன். காற்று பட்டால் கம்பி அதிரும், வள்ளம் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கும். பழைய கைக்கடிகாரத்துக்குள் பீப் அடிக்கும் பித்தளை வட்டத்தைக் கழற்றிக் கம்பியில் ஒட்டினால் அருமையான மைக். ஊரில் ஒருவரது கடிகாரத்தையும் நான் விட்டு வைக்கவில்லை.

இசைக்கருவி செய்கிறான் என்று கதை பரவி, பள்ளிவாசலில் இருந்து மௌலவி ஒருவர் பார்க்க வந்தார். நல்ல மனிதர். கருவியைச் சுற்றி வந்தார்.

"இத ஆரு வாசிக்கிற?" என்று கேட்டார்.

"காத்து, ஹஸ்ரத்."

தாடியைத் தடவிக்கொண்டார். கம்பி மெல்ல முனகியது. "காத்துக்கு எதிரா பத்வா குடுக்க எனக்கு ஏலாப்பா," என்று சிரித்துவிட்டு, பித்தளை வட்டத்தைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு போனார்.

பிறகு கற்பிட்டிக்குக் காற்றைத் தேடி வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கும் ஆட்கள். அதில் ஒருவன் சறுக்குவதை விட்டுவிட்டு என் கருவிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் குந்தியிருந்தான். அவன் மூலமாகத்தான் அழைப்புகள் வந்தன. குளிர் நாட்டு மண்டபங்களில் கம்பியைக் கட்டி, கடற்காற்றுக்குப் பதிலாக மின்விசிறியை வைத்து நிகழ்ச்சி செய்தேன். வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆழ்ந்து கேட்கிறார்கள் என்று முதல் வருடம் நம்பினேன். மூன்றாவது வருடம் ஒருவர் குறட்டை விட்டார்.

எழுதினார்கள், பாராட்டினார்கள், பரிசும் தந்தார்கள். "நிசப்தத்தின் விளிம்பு" என்று ஒருவர், "காலத்தின் மூச்சு" என்று இன்னொருவர். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றைக் கேட்டுவிட்டு ஐந்து பக்கம் எழுதுவார்கள். முழுப் பதிவையும் அனுப்பட்டுமா என்று கேட்டால் நேரமில்லை என்பார்கள். எனக்கு அலுத்துவிட்டது. பெட்டி கட்டுவதும், விமான நிலையத்தில் கம்பியைக் காட்டி இது என்னவென்று விளங்கப்படுத்துவதும், திரும்பி வந்து துருவைச் சுரண்டுவதும் அலுத்துவிட்டது.

மிஞ்சியது

கடற்கரையில் எதுவும் நிலைக்காது. உப்புக் காற்றுக்குக் கம்பி ஒன்றரை வருடம்தான் தாக்குப் பிடிக்கும். வள்ளத்தின் முன்பாதியைக் கடல் கொண்டுபோனது. நல்ல காற்று விழும் முனையொன்றை ஹோட்டல்காரர்கள் வேலி அடைத்தார்கள். நான் செய்த கருவிகளில் இன்று ஒன்றுகூட நிற்கவில்லை.

மிஞ்சியது முப்பத்தெட்டு கசெட். என் கொட்டிலில் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தேன்.

அவற்றில் ஒன்றும் புதுக் கசெட் இல்லை. கற்பிட்டியில் ஒரு கசெட் கடையை மூடியபோது, பாட்டும் பயானுமாக மூட்டையில் வாங்கி வந்தேன். பயான் என்றால் மார்க்கப் பிரசங்கம். மேல் விளிம்பில் உள்ள சிறு ஓட்டையை பிளாஸ்டர் ஒட்டி அடைத்தால் பழையதன் மேலேயே பதியலாம். மூட்டையில் மிஞ்சிய பாட்டும் பயானும் அதே கொட்டிலில் மேசைக்கடியில் சாக்கில் கிடந்தன.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. கடல் கடந்த நாடொன்றில் ஒலிகளைப் பாதுகாக்கும் காப்பகம். என் பதிவுகள் எல்லாவற்றையும் குளிரறையில் வைத்துப் பாதுகாப்பார்களாம். ஒரு நிபந்தனை, மூலக் கசெட்டுகள் வேண்டும். அவற்றை எடுத்துப் போக ஒரு பெண் அதிகாரி நேரில் வருவார். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பரிசு வந்தபோதெல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் நான் மண்ணுக்குள் போன பிறகும் என் களப்புக் கரைக் காற்று எங்கேயோ ஒரு அறையில் இருக்கும் என்று நினைத்தபோது, முழங்கால் வலிகூட மறந்துபோனது.

இப்போது என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஹில்மி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மச்சான், கச்சான் போடப் போறேன். கொட்டிலுக்குள்ள பழைய கசெட் கிடக்குதே, எடுக்கவா? இப்ப எங்க தேடினாலும் கசெட் இல்ல."

சாக்கில் கிடக்கும் பாட்டுக் கசெட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். "எடு, எடு," என்றேன். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டேன்.

வெறும் காத்து

தோட்டத்துக்கே திரும்பி வருவோம். மயில் கிளறிக்கொண்டிருக்கிறது, நான் கைத்தடியில் தொங்கிக்கொண்டு நிற்கிறேன். ஹில்மி தண்ணீர்க் குழாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக வந்தான். ஐம்பது வயதிலும் வெள்ளைச் சிரிப்பு அவனுக்கு.

"அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்! கால் எப்படி? பாத்தீங்களா, உங்கட கசெட்டால மயில் ஒண்டும் கிட்ட வாறல்ல."

மயில் அவனுக்குப் பின்னால் நின்றது.

நான் என்ன சொன்னேன் என்பதை அச்சில் எழுத முடியாது. வாழ்நாளில் நான் அவ்வளவு சத்தம் போட்டதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய் பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தகரப் பெட்டிக்கும் சாக்குக்கும் வித்தியாசம் தெரியாதா, கண் இல்லையா, எழுதி ஒட்டியிருந்ததை வாசிக்கத் தெரியாதா என்று கத்தினேன்.

ஹில்மியின் முகம் செத்துப் போனது. குழாயை மெல்ல நிலத்தில் வைத்தான்.

"சாக்குல பாட்டும் பயானும்தானே மச்சான் கிடந்த. பயானக் கிழிச்சுக் கட்டினா பாவம். பாட்டு உங்களுக்கு ஆசையா இருக்கும் எண்டு அதையும் தொடல்ல. பெட்டியில இருந்தத ஒவ்வொண்டாப் போட்டுக் கேட்டுப் பாத்துத்தான் எடுத்தேன். வல்லாஹி, அதுல ஒண்டும் இல்ல. வெறும் காத்து."

"அந்தக் காத்துத்தான்டா!"

அந்தக் காற்றுத்தான் நான் என்று எப்படி ஒரு கச்சான்காரனிடம் சொல்வது? டிரில் மெஷினை வாங்காமலே திரும்பினேன். வழியில் இரண்டு தரம் நிற்க வேண்டி வந்தது, காலுக்காக ஒரு தரம், மற்றது எதற்கென்று தெரியவில்லை.

ஜெஸீமாவின் கணக்கு

வீட்டில் ஜெஸீமா கருவாடு கழுவிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள். தம்பிக்காகப் பேசுவாள், நன்றாகச் சண்டை போடலாம் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை அலம்பிவிட்டு வந்து எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவன் விளங்காமச் செய்துட்டான். சரி. இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நாள் அவனக் கூப்பிட்டு இருத்தி, ஒரு கசெட்டப் போட்டுக் காட்டினீங்களா?"

"அவன் கேட்டானா?"

"எனக்காவது காட்டினீங்களா?"

"நீ கேட்டியா?"

"எங்க கேக்க? முன் வளவுல கம்பி கட்டிப் பதியக்குள்ள 'ஷ்' எண்டுவீங்க. பிள்ளையத் தூக்கிக்கொண்டு பின் வளவுக்குப் போயிருவேன். பதிஞ்சு முடிஞ்சா பெட்டியில போட்டு மூடிருவீங்க. இந்த வீட்டுல நான் மூச்சு விட்டதே குத்தம் எண்டுதான் இருந்த."

சொல்லிவிட்டு எழுந்து கருவாட்டுக்குப் போனாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அன்று மத்தியானம் தம்பிக்கும் சோறு கட்டி அனுப்பினாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உரப் பையும் ஒரு படிவமும்

மூன்றாம் நாள் வாசலில் ஓர் உரப் பை இருந்தது. வைத்துவிட்டுப் போனவன் கூப்பிடவும் இல்லை, மணி அடிக்கவும் இல்லை. பைக்குள் நாடா, எல்லாம் ஒரே சிக்கலாக. மணலும் காய்ந்த புல்லும் காகத்தின் எச்சமும் கலந்திருந்தன. மேலே டிரில் மெஷின்.

ஒரு கிழமை அதோடு கிடந்தேன். நாடாவை ஈரத் துணியால் துடைத்து, அறுந்த இடங்களை ஒட்டி, பென்சிலால் சுற்றிச் சுற்றி ஒரு கூட்டுக்குள் ஏற்றினேன். வெயிலில் காய்ந்து, காற்று இழுத்த இழுப்பில் நீண்டு, நாடா நூலாகச் சுருண்டிருந்தது. கசெட் றேடியோவில் போட்டேன். ஒரு கிரீச், பிறகு சுமார் நாலு விநாடி இரைச்சல், அதற்குள் யாரோ இருமுகிறார்கள், உடனே சக்கரம் இறுகி நின்றுவிட்டது. இருமியது நானா என்றுகூடத் தெரியவில்லை. பையைக் கட்டி மூலையில் வைத்தேன். அவ்வளவுதான் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. நித்திரைதான் வந்தது.

காப்பகத்துக்கு உண்மையை எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறார்களாம். கசெட் இல்லாதபடியால் அதிகாரியின் பயணம் இல்லை. ஆனால் அவர்கள் முன்பே அனுப்பியிருந்த படிவத்தை நிரப்பி அனுப்பினால், இப்படி ஒரு சேகரிப்பு இருந்தது என்ற பதிவையாவது வைத்திருப்பார்களாம். ஒவ்வொரு கசெட்டுக்கும் ஒரு தாள். இடம், கால அளவு, "இதில் என்ன கேட்கிறது?", கடைசியில் "கேட்டு உறுதி செய்தவர்".

இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பேனையை எடுத்தேன். ஹில்மி கூடுகளையும் பொறுக்கி உரப் பையின் அடியில் போட்டிருந்தான், அதனால் தலைப்புகள் என்னிடம் இருந்தன. "வாடை 4 – நல்லது" என்பதை முன்னால் வைத்துக்கொண்டேன். என்ன கேட்கிறது?

வாடை கேட்கிறது. சரி, பிறகு? ஏன் நல்லது? எது நல்லது?

ஒன்றும் நினைவில்லை. அடுத்த கூட்டை எடுத்தேன். அதுவும் இல்லை. முப்பத்தெட்டில் ஒன்றைப் பற்றியாவது இரண்டு வரி சேர்ந்தாற்போல எழுத முடியவில்லை. அப்போதுதான் உறைத்தது. நான் பதிந்தேன், பெயர் எழுதினேன், அடுக்கினேன். மண்டபத்துக்காக அங்கே ஐந்து நிமிடம் இங்கே ஐந்து நிமிடம் வெட்டி எடுத்தேன். ஒரு கசெட்டையும் முழுவதாகத் திருப்பிப் போட்டுக் கேட்கவே இல்லை. என் இருபத்தைந்து வருடத்தை நானே கேட்டதில்லை!

நாடா போனபோது வராத அழுகை அன்று வந்தது. ஜெஸீமா எட்டிப் பார்த்துவிட்டு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

மோட்டார் கொட்டில்

அடுத்த நாள் காலை படிவங்களை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு ஆலங்குடாவுக்குப் போனேன். ஹில்மி தண்ணீர் இறைக்கும் மோட்டார் கொட்டிலுக்குள் இருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டான். இன்னும் ஏச வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

"இரு. ஒண்டு கேக்கணும். அண்டைக்குச் சொன்னாய் ஒவ்வொண்டாப் போட்டுக் கேட்ட எண்டு. எவ்வளவு கேட்டாய்?"

"முழுக்க, மச்சான்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஓம். நடுவுல எங்கயாவது பயான் கிடந்துட்டா? பழைய கசெட்டுல பதியிறீங்க எண்டு ஜெஸீமா ராத்தா செல்லியிருக்கா. பதினாறு நாள் கேட்டேன். இந்தா, இந்த றேடியோவுலதான். மத்தியானத்துல மோட்டார நிப்பாட்டிட்டு."

"மோட்டார ஏன் நிப்பாட்டின?"

"அது ஓடினா மெல்லிய சத்தம் கேக்காதே!"

நான் கவிழ்த்து வைத்திருந்த வாளியில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்கிய வலியில் பல்லைக் கடித்தேன். பிறகு முதல் கூட்டை எடுத்து அவனிடம் காட்டினேன்.

"இதுல என்ன கேட்டது?"

"ஒண்டும் இல்ல மச்சான், நான்தான் செல்லிட்டேனே."

"ஒண்டும் இல்லாதத்தையே செல்லு."

கூட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது... சிவப்பு பிளாஸ்டர் ஒட்டினது. கம்பி ஒண்டு அழுகிற மாதிரித் தொடங்கும். கொஞ்சத்துல வள்ளம் ஒண்டு போகும். பதினஞ்சு குதிரை எஞ்சின், பிளக்குல கோளாறு. அது போன பிறகு தண்ணி வந்து கரையில தட்டும், ஏழெட்டுத் தரம். மற்றப் பக்கம் காத்து மட்டும்தான். முடியப் போகக்குள்ள நீங்க தும்முவீங்க."

எழுதினேன். அடுத்ததைக் காட்டினேன்.

"இது மழைக்கு முந்தின காத்து."

"எப்படித் தெரியும்?"

"ஓலைச் சத்தம் கனக்கும். கேட்டா தெரியும்தானே! பிறகு எங்கயோ தூரத்துல தொழுகைக்குப் பாங்கு செல்றாங்க, ஆனா நம்மட பள்ளி இல்ல. காத்து மாறி அடிச்ச நாள் போல."

இப்படியே போனது. எனக்குக் கை வலித்தது, அவனுக்கு வாய் வலிக்கவில்லை. கம்பி தளர்ந்த இடம், ஒரு நண்டு வள்ளத்தைச் சுரண்டிய இடம், நான் யாரையோ "ஷ்" என்று அதட்டிய இடம், கதவொன்று மெல்லச் சாத்தப்பட்ட இடம், எல்லாவற்றையும் தோட்டத்தில் எந்த வரிசைக்கு எப்போது தண்ணீர் விட்டான் என்று சொல்வது போலச் சொன்னான். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, மறக்காமல் ஒரு வாசகம் சேர்த்தான். "மற்றபடி ஒண்டும் இல்ல."

என்னைப் பற்றி ஐந்து பக்கம் எழுதியவர்களுக்குத் தும்மல் கேட்கவில்லை. வள்ளம் கேட்கவில்லை. அவர்கள் மேல் எனக்கு இப்போது கோபமும் இல்லை, எனக்கே கேட்கவில்லையே.

வெயில் கொட்டிலின் வாசலுக்கு வந்தபோது பெயர் எழுதாத ஒரு கூட்டை எடுத்தேன். ஹில்மி கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"இதுல உண்மையாவே ஒண்டும் இல்ல. காத்துகூட இல்ல. கம்பியும் அழல்ல."

எனக்கு அரைகுறையாக நினைவு வந்தது. ஒரு நாள் முழுக்கக் காற்றுக்காகக் காத்திருந்தேன், காற்று வரவே இல்லை. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அழித்துவிட்டு வேறு பதியலாம் என்று பெயர் எழுதாமல் வைத்தது. "அது வீண்போன கசெட்," என்றேன்.

"அத நான் ரெண்டு தரம் கேட்டேன், மச்சான்."

"ஏன்?"

"தெரியா. ஒண்டும் இல்லத்தான். ஆனா நிப்பாட்ட மனம் வரல்ல. முடிஞ்ச பிறகு திருப்பிப் போட்டேன். அண்டைக்குத் தண்ணி விடவே பிந்திட்டு."

இருபத்தைந்து வருடம் நான் இதைக் கேட்கத்தானே ஊர் ஊராகப் போனேன். எந்த மண்டபத்திலும் ஒருவரும் சொல்லவில்லை. நிறுத்த மனம் வரவில்லை என்று ஒருவர் சொல்ல மாட்டாரா என்று ஏங்கி ஏங்கித்தானே எனக்கு அலுத்துப்போனது.

"அப்ப அந்த ஒண்டையாவது கட்டாம வெச்சிருக்கலாமேடா," என்றேன்.

"அதத்தான் மச்சான் முதல்ல கட்டின. தொண்ணூறு நிமிசக் கசெட். நல்ல நீளம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தேன். வயிறு நொந்தது, கண்ணால் தண்ணீர் ஓடியது. ஹில்மி முதலில் பயந்து, பிறகு தானும் சிரித்து, பாதியில் என்ன நினைத்தானோ, தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். "மாப்புச் செய்ங்க, மச்சான்," என்று துவாய்க்குள்ளிருந்து சொன்னான். நான் அவன் தலையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

பிறகு தாளை மடியில் சரிசெய்தேன். "இதுல என்ன கேக்குது எண்டு போடணும். என்ன எழுத?"

ஹில்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். "ஒண்டும் இல்ல எண்டே எழுதுங்க. பொய் எழுதப் படாது."

அப்படியே எழுதினேன். கால அளவு, தொண்ணூறு நிமிடம். என்ன கேட்கிறது, ஒன்றும் இல்லை. கடைசிக் கட்டத்தில் என் பெயரை எழுதப் போய், முதல் எழுத்தை வெட்டிவிட்டு எழுதினேன்: கேட்டு உறுதி செய்தவர், முகம்மது ஹில்மி, விவசாயி, ஆலங்குடா. இரண்டு தரம்.